பெல்லட் ஸ்மோக்கர்: சூடு வேறு, புகை வேறு

பெல்லட் ஸ்மோக்கர் வாங்கப் போறவங்க முதலில் பார்ப்பது வைஃபை, ஆப், கிரில்லின் அளவு. என்னைக் கேட்டால் இவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை.

1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கிய அமைப்புதான் இன்றும் அடிப்படை. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். விசிறி காற்று ஊதும். சூட்டை மின் கருவி பார்த்துக்கொள்ளும். நாம் தூங்கலாம்.

சிக்கலும் இங்கேதான். விசிறிக் காற்றில் பெல்லட் சுத்தமாக எரியும். சுத்தமாக எரிந்தால் புகை குறையும். சூடு அசையாமல் நிற்பதையே தரம்னு விளம்பரம் சொல்லுது. நாம ஸ்மோக்கர் வாங்குறது புகைக்காகத்தானே? 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 மணி நேரம் வைத்த என் பிரிஸ்கெட் பஞ்சு மாதிரி வெந்திருந்தது. வாசம் மட்டும் ஓவனில் வைத்தது போல. கருவி பழுதில்லை, சொன்ன வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

அதனால், குறைந்த சூட்டில் புகையைக் கூட்ட வழி இருக்கா, சாம்பலைச் சுலபமாக அள்ளலாமா, பெல்லட் தொட்டியைக் காலி செய்ய முடியுமா என்று பாருங்க. ஈரம் பட்ட பெல்லட் உப்பித் தூளாகி, திருகை அடைத்துவிடும்.

நேரமில்லாத வீட்டுக்கு இது நல்ல அடுப்பு. புகை வாசம்தான் முக்கியம்னா, விறகுக்குப் பக்கத்தில் காவல் இருக்கத்தான் வேணும்.