விசுவாசமும் நம்பிக்கையும்: தமிழ் விவிலியத்தின் ஒரு சொல் பற்றிய விமரிசனக் குறிப்பு

கிறித்தவ சமயத்தின் அடிப்படை எண்ணக்கரு ஒன்று தமிழில் இரு சொற்களுக்கிடையே ஊசலாடி வருகின்றது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் மூன்று பண்புகளை வரிசைப்படுத்தி முடிகின்றது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871 இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என அமைந்தன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாறின. முன்னதில் இரண்டாம் இடத்தில் நின்ற சொல் பின்னதில் முதலிடத்தைப் பெற்றுள்ளது. இதனை வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லைப் பெய்த முயற்சி என மட்டும் கொள்ளுதல் போதாது. சொல் மாறியபோது பொருளும் நகர்ந்ததா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் பிஸ்திஸ் என்பதாகும். பிறரை நம்புதல், தாம் நம்பத்தக்கவராய் இருத்தல், கொடுத்த வாக்கிற் பிறழாமை ஆகிய பொருள்கள் அதில் ஒருங்கே அடங்கும். அதன் பின்னணியில் எமூனா என்னும் எபிரேயச் சொல் உள்ளது. 'ஆமென்' என்பதும் இதே வேரிற் பிறந்ததே. உறுதி, நிலைபேறு என்பனவே இதன் அடிப்படைப் பொருள்கள். யாத்திராகமத்தின் பதினேழாம் அதிகாரத்தில், அமலேக்கியருடன் போர் நிகழ்கையில் மோசே குன்றின் மீது கைகளை உயர்த்தி நிற்கின்றார். கைகள் தளர்கின்றன, இருவர் இருபுறமும் நின்று தாங்குகின்றனர், சூரியன் மறையும்வரை அவை அசையாது நின்றன. அவ்வசையாமையைக் குறிக்க மூலநூல் ஆளும் சொல் எமூனா என்பது மனங்கொள்ளத்தக்கது. இங்கு அது உள்ளத்துக் கருத்தன்று. பிறர் தாங்க உயர்ந்து நின்ற கைகளின் உறுதியாகும்.

சீர்திருத்த மரபின் இறையியலாளர் விசுவாசத்தை அறிதல், உடன்படுதல், சார்ந்து நிற்றல் என மூன்றாகப் பகுப்பர். அறிதல் மட்டும் விசுவாசமாகாது என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று தரும். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பெரும்பங்காற்றியவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அந்நூலைச் சொல் சொல்லாக ஆராய்ந்த அவர் சைவராகவே நின்று சைவத்துக்கே உழைத்தார். உடன்படுதலும் போதாது. கடவுள் ஒருவரே என்பதைப் பேய்களும் ஏற்றுக்கொண்டு நடுங்குகின்றன என யாக்கோபின் நிருபம் எள்ளலாகக் கூறும்.

இந்நிருபத்துக்கும் பவுலுக்கும் முரண்பாடு உண்டென்பது நெடுங்காலக் கருத்து. மாட்டின் லூதர் 1522 இல் வெளியிட்ட ஜெர்மானிய மொழிபெயர்ப்பில், உரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லைச் சேர்த்தார். அதே நூலின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆனால் இரு நிருபங்களின் சமூகச் சூழலையும் நோக்கின் வேறொரு காட்சி புலனாகும். கலாத்தியர் நிருபத்திற் பவுல் சினந்தெழுவது, அந்தியோகியாவில் யூதரல்லாதோருடன் ஒரே பந்தியில் உண்டவர்கள் பின்னர் விலகிக்கொண்டமை பற்றியே. யாக்கோபு சினந்தெழுவது, செல்வனுக்கு நல்லாசனமும் வறியவனுக்குத் தரையும் காட்டும் சபையைக் கண்டே. ஒருவர் பந்தியைப் பேசினார். மற்றவர் ஆசனத்தைப் பேசினார். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் 1930 அளவில் சம ஆசனத்துக்கு எழுந்த எதிர்ப்பை அறிந்த நமக்கு இவ்விரண்டும் அந்நியமானவையல்ல. விசுவாசம் உண்மையானதா என்பதை இருவரும் மனித உறவிலேயே சோதித்தனர் எனலாம்.

இவ்வளவைகொண்டு தமிழ்ச் சொற்களை மதிப்பிடுவோம். விசுவாசம் என்பதன் வடமொழி வேர் அச்சமின்றி மூச்சுவிடுதலைச் சுட்டும். தமிழ் வழக்கில் அது நன்றி மறவாமையையும் பிறழாப் பற்றையும் குறிப்பதால், செயலை உள்ளடக்கிய சொல்லாகின்றது. இது அதன் வலிமை. எனினும் எசமானுக்குப் பணியாள் காட்டும் பற்று என்னும் நிலவுடைமைச் சாயலும் அதிற் படிந்துள்ளது. மேலும், 'விசுவாசி' என்பது சபை உறுப்பினரைச் சுட்டும் குழூஉக்குறியாகவே சுருங்கிவிட்டது. நம்பிக்கை என்பதோ எல்லோர்க்கும் பொதுவான சொல். ஆயினும் பரீட்சையிற் சித்தியடைவோம் என்னும் நம்பிக்கையும் அதுவே, மூடநம்பிக்கையும் அதுவே. ஒருவர் நம்பத்தக்கவராய் நிற்றல் என்னும் மறுபாதி அதில் இல்லை.

இவ்விழப்பு சிறிதன்று. பவுலின் நிருபங்களில் வரும் ஒரு தொடர், கிறிஸ்துவின் மீது மனிதர் கொள்ளும் நம்பிக்கையைக் குறிக்கின்றதா, கிறிஸ்துவே சாவுவரை காத்த பிறழாமையைக் குறிக்கின்றதா என்னும் விவாதத்தை றிச்சட் ஹேய்ஸ் 1983 இல் வெளியிட்ட நூல் புதுப்பித்தது. கிரேக்கம் இரண்டுக்கும் இடந்தரும். நம்பிக்கை என்னும் தமிழ்ச்சொல் முதற்பொருளை மட்டுமே இயல்பாக ஏற்கும்.

எனவே 1995 இன் தெரிவு பொதுமொழியை நோக்கிய முன்னேற்றம் என்பதை ஏற்கும் நாம், அது முழுமையான தீர்வன்று எனவும் கருதுகின்றோம். சமயத்தை மனத்தின் அந்தரங்கத்துள் ஒதுக்கிவிடும் போக்குக்கு அச்சொல் எளிதில் இடங்கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். விமரிசகரோ அச்சொல் விட்டுச்சென்றதை நினைவூட்டக் கடமைப்பட்டவர். யாக்கோபு காட்டிய சபையில் எல்லோரும் ஒரே கடவுளையே நம்பினர். வறியவன் தரையிலேயே இருந்தான்.