நாய் பேசுகிறது, எழுதுவது பிள்ளை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில், 2022-ஆம் ஆண்டு செயின்ட் மைக்கேல்ஸ் எபிஸ்கோபல் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நகர விலங்குக் காப்பகத்தின் நாய்களாகவும் பூனைகளாகவும் மாறிக் கடிதம் எழுதினார்கள். என்னை ஏன் வளர்க்க வேண்டும் என்று விலங்கே கேட்பதுபோல. செய்தி பரவியது, பலவற்றுக்கு வீடு கிடைத்தது. கடிதத்தால் கிடைத்ததா, செய்தி பரவியதால் கிடைத்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எழுத்துப் பயிற்சியாக இதன் மதிப்பில் ஐயமில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நம் பிள்ளைகள் தேர்வில் ஆட்சியருக்கு எழுதும் கடிதம் ஆட்சியரிடம் போகாது. அது எழுதுகிறவருக்கும் தெரியும், திருத்துகிறவருக்கும் தெரியும். ரிச்மண்ட் பிள்ளைகளுக்கோ உண்மையான வாசகர் இருந்தார். அவரை இணங்க வைக்காத வரிக்கு அங்கே வேலை இல்லை.

இதை அப்படியே புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குக் கொண்டுவந்தால் இடிக்கும். கிராமத்து நாய் பாதி தெருவுக்கும் பாதி வாசலுக்கும் சொந்தம். குட்டி கேட்டு வருகிறவர் பெரும்பாலும் கடுவனைத்தான் தூக்கிப்போவார். பொட்டை என்றால், வருஷாவருஷம் குட்டி போடும், யார் பார்ப்பது என்பார். நியாயமான கவலைதான். அவரிடம் போய்க் கண்ணழகையும் வாலாட்டலையும் வருணித்து என்ன பயன்? கருத்தடை ஆகிவிட்டது என்ற ஒற்றை வரி அவரை அசைக்கும்.

பெரிய சிக்கல், நாயே பேசுவதுபோன்ற அந்தத் தன்மைக் குரலில் இருக்கிறது. யாரையோ கடித்த கதையை எந்த நாயும் தன் கடிதத்தில் எழுதிக்கொள்ளாது. உலக ரேபிஸ் மரணங்களில் ஏறத்தாழ 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. நாய்க்கடிக்கு அதிகம் ஆளாகிறவர்களும் பிள்ளைகளே. தடுப்பூசியைப் பற்றிப் பேசாத இனிப்பான கடிதம் இங்கே வெறும் நடைப்பிழை அல்ல, ஆபத்து.

தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாக நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னது. காப்பகத்தில் கூட்டம் கூடும்போது கடிதங்களுக்கும் வேலை கூடும். ஆனாலும் அவை சில குட்டிகளுக்கு வீடு தேடித் தரலாமே ஒழிய, கருத்தடை முகாம் செய்யும் வேலையைச் செய்யா.

ஆகவே வகுப்பறையில் இந்தக் கடிதப் பயிற்சியைச் செய்கிற ஆசிரியர் தாளைப் பாதியாகப் பிரிப்பது நல்லது. மேல் பாதி பிள்ளையின் கற்பனைக்கு. கீழ்ப் பாதியில் கால்நடை மருத்துவரின் கையெழுத்துடன் மூன்று தகவல்கள்: தடுப்பூசி போட்ட தேதி, கருத்தடை ஆனதா, யாரையாவது கடித்திருக்கிறதா. பாகூர்க்காரர் ஒருவர் கீழ்ப் பாதியைத்தான் முதலில் படிப்பார்.