அக்ரிலிக் தொட்டியின் முதுகுக்குக் கறுப்பு எமல்ஷன்

கம்மாபுரம் வீட்டிலுள்ள இரண்டடி அக்ரிலிக் மீன் தொட்டிக்குப் பின்பக்கம் ஒட்டியிருந்த படத்தாளை உரித்துவிட்டு, சுவருக்கு அடிக்கிற கறுப்பு எமல்ஷனை நுரை ரோலரால் அடித்துப் பார்த்தேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தாள் ஒட்டினால் அதற்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய காற்று தங்கிவிடும். தண்ணீருக்குள்ளிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் வெளிச்சம் அந்தக் காற்றைத் தாண்டாமல் அப்படியே திரும்பும். பின்சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ஃபைட்டர் மீன் தன் பிம்பத்தைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். பெயிண்ட் பலகையோடு பலகையாக ஒட்டுவதால் வெளிச்சம் கறுப்பிலேயே அடங்கிவிடுகிறது. வெளிர் பின்னணியில் சோகை பிடித்தாற்போலத் தெரிந்த கப்பிகளின் வாலில் இப்போது நிறம் ஏறியிருக்கிறது.

ஸ்ப்ரே டப்பாவும் எனாமலும் கண்ணாடித் தொட்டிக்குச் சரி, அக்ரிலிக்குக்கு ஆகாது. அவற்றிலுள்ள தின்னர் பட்டால் ஒட்டுப்போட்ட மூலைகளில் நூலிழை விரிசல் விழும். துடைக்க சானிடைசரும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்த துணியால் தேய்த்தால் அக்ரிலிக்கில் மின்னேற்றம் உண்டாகி, இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரப் பனியன் துணிதான் சரி.

அடிப்பது வெளிப்பக்கம் மட்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் முன்னால் தெரிய வேண்டியதை முதலில் தீட்டுவார்கள். இங்கும் அதே கணக்கு. நீலம் வேண்டுமென்றால் முதல் கை நீலம், அதன்மேல் கறுப்பு. முதல் கை திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாக இன்னும் இரண்டு கை அடித்தால் மூடிவிடும். பிறகு இருட்டில் உள்ளே டார்ச் அடித்து, வெளியே புள்ளி புள்ளியாக வெளிச்சம் கசியும் இடங்களைத் தொட்டுவிடுங்கள். வெயிலில் வைத்து அடித்தால் ரோலர் தடம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. மாசி, பங்குனி நிழல் நல்லது.

சூட்டில் அக்ரிலிக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். நம் கோடைக்கு எனாமல் விறைத்து உரியும். எமல்ஷன் இழுத்துக் கொடுக்கிறது. குறை ஒன்று உண்டு. நகம் பட்டாலே கீறும், அதனால் தொட்டியைச் சுவரோடு உரசி நகர்த்தக் கூடாது. நிறம் அலுத்துவிட்டால் ஈரத்துணி போட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளினால் தோலாகவே உரிந்து வரும். பிளேடு மட்டும் வேண்டாம்.