அச்சம் எவருடையது? தமிழ்த் திகில் திரைப்படங்களில் மனநலக் காப்பகமும் கொங்கு வழக்காற்று மரபும்

ஆய்வுச் சுருக்கம்

மனநலக் காப்பகத்தைக் களமாகக் கொண்ட திகில் திரைப்படம் மேலைநாட்டுத் திரைமரபில் வேரூன்றிய ஒரு வகைமை. தமிழில் இதற்கு நெருங்கிய சான்றாக அமைவது அஸ்வின் சரவணன் இயக்கிய ‘மாயா’ (2015). இப்படத்தை மையமாகக் கொண்டு, ‘சேது’ (1999), ‘ஆளவந்தான்’ (2001), ‘சந்திரமுகி’ (2005) ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இப்படங்கள் அச்சத்தை யார்மீது சுமத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆனைமலை மாசாணியம்மன் வழிபாடு, அண்ணமார் படுகளம் ஆகிய கொங்குநாட்டு வழக்காறுகள் ஒப்பீட்டுக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனநலக் காப்பகம், திகில் திரைப்படம், மாயா, ஏர்வாடி, மாசாணியம்மன், படுகளம்.

முன்னுரை

1920-இல் வெளிவந்த இராபர்ட் வீனேயின் ‘டாக்டர் காலிகரியின் அறை’ என்னும் செருமானிய மௌனப்படம் தொடங்கி, மனநலக் காப்பகம் திகில் திரைப்படத்தின் நிலையான களங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. மார்க் இராப்சனின் ‘பெட்லம்’ (1946), மாசாசூசெட்சு மாநிலத்தின் கைவிடப்பட்ட டான்வர்சு மருத்துவமனையில் படமாக்கப்பட்ட ‘செசன் 9’ (2001), மார்ட்டின் இசுகார்செசியின் ‘சட்டர் ஐலண்ட்’ (2010) ஆகியன இம்மரபில் வருவன. இவற்றின் பின்னணியில் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெருங்காப்பகங்கள், அவற்றில் நிகழ்ந்த கட்டாயச் சிகிச்சைகள், மூளை அறுவைகள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை மூடப்பட்டமை ஆகியவற்றின் நினைவே அப்படங்களின் பேயாக உலவுகிறது. அங்கு அச்சத்திற்குக் காரணம் மருத்துவத்தின் மிகை.

தமிழகத்தின் வரலாறு இதனின் வேறுபட்டது. சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட காப்பகமே இன்று கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவ நிலையமாக இயங்குகிறது. சென்னை மாகாணத்தின் மேற்குப் பகுதிக்குக் கோழிக்கோட்டுக் குதிரவட்டத்தில் 1872-இல் ஒரு காப்பகம் அமைந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கொங்கு மண்டலத்தில் அத்தகைய பெருங்காப்பகம் எதுவும் எழவில்லை. கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் மனநல மருத்துவம் பெரிதும் பொதுமருத்துவமனையின் ஒரு துறையாகவோ தனியார் மருத்துவரின் ஆலோசனை அறையாகவோதான் மக்களுக்கு அறிமுகமாயிற்று. உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் கொண்ட காப்பகம் இங்குள்ள பார்வையாளருக்குப் பெரும்பாலும் திரைப்படம் கற்பித்த ஒன்று. ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயர் தமிழ் நகைச்சுவைக் காட்சிகளின் வழியே வசைச்சொல்லாகக் கொங்குச் சிற்றூர் வரை சென்று சேர்ந்திருப்பது இதற்குச் சான்று. கண்டறியாத இடத்தைப் பற்றிய அறிவைத் திரையே தருமாயின், அத்திரை தரும் அறிவின் தன்மையை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

வீடு, மடம், காப்பகம்

தமிழ்த் திரைப்படங்களில் மனநோய் மூன்று இடங்களில் வைத்துக் காட்டப்படுகிறது. முதலாவது வீடு. பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’, மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்தின் கதையைத் தழுவியது. அதில் கங்காவின் உளப்பிணி அரண்மனைக்குள்ளேயே கண்டறியப்பட்டு, அரண்மனைக்குள்ளேயே தீர்க்கப்படுகிறது. மனநல மருத்துவர் விருந்தினராக வீடு தேடி வருகிறார். மந்திரவாதியும் அவரும் இறுதியில் ஒரே சடங்கில் இணைகின்றனர். கங்கா மருத்துவமனை வாயிலை மிதிக்க நேர்வதே இல்லை. செல்வக் குடும்பத்துப் பெண்ணின் நோய் குடும்பத்தின் மதிப்புக்குப் பங்கம் நேராவண்ணம் குணமாக்கப்படுகிறது.

இரண்டாவது இடம் மடம். பாலாவின் முதற்படமான ‘சேது’ 1999 டிசம்பரில் வெளிவந்தது. தலையில் அடிபட்டு மனநிலை பிறழ்ந்த நாயகன், மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும் பாண்டி மடத்தில் கொண்டுபோய் விடப்படுகிறான். இப்படம் திகில் வகையைச் சார்ந்ததன்று, காதற்கதையாகவே அறியப்படுவது. எனினும் தமிழ்த் திரையில் மனநோயாளியின் உண்மையான வாழிடத்தை மிக அணுக்கமாகக் காட்டிய படம் இதுவே எனலாம். தெளிவு பெற்றுத் தப்பிவந்தவன் காதலியின் சாவைக் கண்டபின் தானாகவே மடத்து வண்டியில் ஏறிச் செல்லும் முடிவு, சங்கிலிக்கு வெளியே அவனுக்கு இடமில்லை என்பதை உரையாடலின்றி உணர்த்துகிறது.

மூன்றாவது இடம் காப்பகம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் கமல்ஹாசன் இரட்டை வேடம் ஏற்ற ‘ஆளவந்தான்’ படத்தில் நந்து பாதுகாப்பு மிகுந்த காப்பக அறையில் அடைக்கப்பட்டிருக்கிறான். அவன் சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளான குழந்தை என்பதைப் படம் விரிவாகவே சொல்கிறது. ஆயினும் கதைப்பின்னலில் காப்பகத்தின் பணி ஒன்றே: அது உடைக்கப்பட வேண்டும். மதில் காக்கும்வரை பார்வையாளர் பாதுகாப்பாக இருக்கிறார். மதில் தோற்றவுடன் அச்சம் தொடங்குகிறது. இரக்கம் நந்துவின் கடந்தகாலத்துக்கும், அச்சம் அவனது நிகழ்காலத்துக்கும் எனப் படம் பங்கிட்டுக் கொடுக்கிறது.

2001: இரு நெருப்புகளுக்கு இடையில்

‘ஆளவந்தான்’ 2001 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்டு 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டது. அரசு அப்பகுதிக் காப்பகங்களை மூடியது.

இவ்விரு நிகழ்வுகளும் தற்செயலாக அடுத்தடுத்து நேர்ந்தவை. படத்தின் உருவாக்கம் தீ விபத்துக்கு முந்தியது; எனவே ஒன்றை மற்றொன்றின் எதிர்வினையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் புலனாகிறது. ஏர்வாடியில் கட்டு அவிழாததால் நோயாளிகள் இறந்தனர். திரையில் கட்டு அவிழ்ந்ததால் பிறர் இறந்தனர். மெய்வாழ்வில் அச்சத்திற்கு உரியது சங்கிலி. திரையில் அச்சத்திற்கு உரியவன் சங்கிலிக்கு உரியவன். ‘சேது’ ஏற்கனவே காட்டியிருந்த கொடுமையைத் தமிழ்த் திகில் படம் கண்டுகொள்ளவில்லை என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

‘மாயா’: பேயாகும் நோயாளி

2015 செப்டம்பரில் வெளிவந்த ‘மாயா’ இத்திசையைப் பெருமளவு மாற்றியது. நகருக்கு வெளியே உள்ள மாயவனம் என்னும் காட்டில் முன்பு ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. அங்கு நோயாளிகள் சட்டத்திற்குப் புறம்பான மருத்துவச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டு இறந்து, அக்காட்டிலேயே புதைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி மாயா மேத்யூஸ். கருவுற்ற நிலையில் அங்குச் சேர்க்கப்பட்ட அவள், பெற்ற மகளிடமிருந்து பிரிக்கப்படுகிறாள். இறந்த பின் ஒரு பொம்மையோடு புதைக்கப்படுகிறாள்.

கதை இரு இழைகளாக ஓடுகிறது. ஒன்று, கைக்குழந்தையுடன் தனித்து வாழும் நடிகை அப்சராவின் வாழ்க்கை. மற்றொன்று, ஓவியன் வசந்த் மாயவனத்தை நெருங்கும் கதை. இது கருப்பு வெள்ளையில் வருகிறது. இரண்டாம் இழை ‘இருள்’ என்னும் திரைப்படமே என்பது பின்னர்த் தெரிகிறது. பரிசுத்தொகைக்காக நள்ளிரவில் தனியாக அப்படத்தைக் காணும் அப்சரா அதற்குள்ளேயே நுழைய நேர்கிறது. மாயா அவளுடைய தாய் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

இவ்வமைப்பு காலிகரி படத்தின் சட்டகத்தை நினைவூட்டுவது. அங்குக் காப்பகத் தலைவரைக் கொடியவர் எனக் கதை சொல்பவன் தானே அக்காப்பகத்தின் நோயாளி என்று தெரியவருகிறது. அவ்வெளிப்பாடு குற்றச்சாட்டைச் செல்லாததாக்கிவிடுகிறது. ‘மாயா’வில் சட்டகம் எதிர்த்திசையில் இயங்குகிறது. வெறும் படம் என்று கருதப்பட்ட பகுதி மெய் என்றாகிறது. நோயாளியின் முறையீடு உறுதிப்படுகிறது. குற்றவாளிக் கூண்டில் காப்பகம் நிற்கிறது. தமிழ்த் திகில் மரபில் இது முக்கியமான திருப்பம்.

மாசாணியும் மாயாவும்

கொல்லப்பட்ட பெண் நீதி கேட்டுத் திரும்புதல் கொங்குநாட்டுக்குப் புதிதன்று. ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்ற பெண்ணை நன்னன் கொன்ற செய்தியைக் குறுந்தொகையின் 292-ஆம் பாடலில் பரணர் குறிக்கிறார். எண்பத்தொரு களிறுகளையும் அவள் எடைக்கு ஈடான பொற்பாவையையும் தருவதாகச் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் கிடந்த கோலத்தில் உள்ள மாசாணியம்மனை இப்பெண்ணோடு தொடர்புபடுத்துவது தலமரபு. அங்கு அநீதிக்கு ஆளானோர் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இயக்குநர் இம்மரபை மனத்திற்கொண்டார் எனக் கூறச் சான்றில்லை. கட்டமைப்பு நிலையில் மட்டும் ஓர் ஒப்புமை உண்டு. இரு கதைகளிலும் உயிருக்கு ஈடாக ஒரு பாவை வருகிறது. நன்னன் கதையில் சுற்றத்தார் நீட்டும் பாவையை அதிகாரம் மறுத்து உயிரைக் கொள்கிறது. ‘மாயா’வில் அதிகாரம் குழந்தையைக் கொள்கிறது, தாயிடம் எஞ்சுவது பாவை. ஈடு செய்ய இயலாத ஒன்றுக்கு ஈடு வைக்கப்படும்போது எழும் கொடுமையை இரண்டும் பேசுகின்றன.

வேறுபாடு முடிவில் உள்ளது. மாசாணி ஊரின் பொதுவெளியில் கோயில்கொண்டு, எவரது முறையீட்டையும் கேட்கும் தெய்வமாகிறாள். மாயாவின் நீதி தன் மகளைச் சென்றடைவதோடு நிறைவுறுகிறது. அக்காட்டில் அவளோடு புதைந்த பிற நோயாளிகளுக்குக் கதையில் பெயரில்லை, உறவில்லை, வழக்கும் இல்லை. தாய்மை என்னும் ஏற்புடைய உணர்ச்சியின் வழியாகவே ஒரு நோயாளி பார்வையாளரின் இரக்கத்தைப் பெற முடிகிறது என்பது படத்தின் எல்லை. தாயாக இல்லாத நோயாளி வெறும் கூட்டமாகவே எஞ்சுகிறார்.

திறந்த களமும் பூட்டிய அறையும்

கொங்குநாட்டின் அண்ணமார் கதை மரபில் படுகளம் என்னும் சடங்கு உண்டு. உடுக்கை ஒலிக்கிடையே அருள்வந்தோர் பொன்னர், சங்கர் களத்தில் வீழ்ந்தமை போல இறந்தாராய் வீழ்கின்றனர், பின்னர் எழுப்பப்படுகின்றனர். இவ்வழக்காற்றைப் பிரெண்டா பெக் தம் ‘மூன்று இரட்டையர்’ (1982) நூலில் ஆராய்ந்துள்ளார். தன்னிலை இழத்தல் இங்கு ஊரார் முன்னிலையில், திறந்த களத்தில், தொடக்கமும் முடிவும் உடையதாக நிகழ்கிறது. வீழ்ந்தவர் எழுவார் என்னும் உறுதி அச்சத்தை எல்லைக்குட்படுத்துகிறது.

சாமியாடலும் மனநோயும் ஒன்றல்ல. சடங்கு மருத்துவத்திற்கு மாற்றாகவும் ஆகாது. ஏர்வாடிக் காப்பகங்களும் வழிபாட்டிடத்தைச் சார்ந்தே பெருகின என்பதை மறத்தலாகாது. படுகளம் இங்கு உணர்த்துவது வேறொன்று: மீண்டு வருதலுக்குச் சமூகம் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கிறது. திகில் படத்தின் பூட்டிய அறையில் அவ்விடம் இல்லை. ‘ஆளவந்தான்’ நந்துவும் மாயாவும் காப்பகத்திலிருந்து வெளியேற முடிவது தப்பியோடியவனாகவோ பேயாகவோதான். குணமடைந்து, மருந்துச் சீட்டோடு வீடு திரும்பும் நோயாளியை இவ்வகைமை கற்பனை செய்வதில்லை.

தவறான இடத்து அச்சம்

மேலைத் திகில் படத்தின் மருத்துவ மிகையை ‘மாயா’ அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கொடிய மருத்துவர், மறைவான சோதனைகள், காட்டு நடுவே கட்டடம் ஆகிய அனைத்தும் அம்மரபின் கூறுகள். ஏர்வாடியில் நேர்ந்த கொடுமையோ மருத்துவம் இல்லாமையால் நேர்ந்தது. அங்கு ஊசியோ மின்னதிர்வோ அன்று, ஓலைக் கூரையும் இரும்புச் சங்கிலியுமே கொன்றன. சிகிச்சையின் பற்றாக்குறையால் வாடும் ஒரு நிலத்தில் சிகிச்சையின் மிகையைப் பற்றிய அச்சத்தைப் பரப்புதல், நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கி மீண்டும் கட்டுத்தறிக்கே கொண்டுசேர்க்கும் இடரை உடையது. கற்பனைக்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பார்வையாளர் காப்பகத்தைத் திரை வழியாகவே அறிந்திருக்கும் கொங்கு போன்ற வட்டாரத்தில் அக்கற்பனை அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதையும், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் 95-ஆம் பிரிவில் தடைசெய்கிறது. தனிமைச் சிறையில் அடைப்பதை 97-ஆம் பிரிவு விலக்குகிறது. சுருங்கக்கூறின், திகில் படத்தின் வழக்கமான காட்சிகள் பலவும் இன்று குற்றங்கள். சட்டம் குற்றம் என்று சொல்வதைத் திரை இன்னும் காப்பகத்தின் இயல்பு என்றே காட்டிவருகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: தமிழ்த் திரையில் மனநோயாளியின் இடம் அவரது வர்க்கத்தைப் பொறுத்து அமைகிறது, அரண்மனைப் பெண் வீட்டில் குணமாகிறாள், ஏனையோர் மடத்திலும் காப்பகத்திலும் அடைபடுகின்றனர். ‘ஆளவந்தான்’ அச்சத்தை நோயாளிமீது சுமத்துகிறது. ‘மாயா’ அதனை நிறுவனத்தின்மீது திருப்புகிறது. ஆனால் அந்நிறுவனத்தைக் காட்டிலும் கடந்தகாலத்திலும் வைத்துவிடுவதால், நிகழ்காலத்துக் கொட்டகைகள் விசாரணைக்கு வெளியே நிற்கின்றன. தமிழகத்துக்கே உரிய கொடுமையை அணுகிய ‘சேது’ திகில் படமாக எடுக்கப்படவில்லை; திகில் படமாக எடுக்கப்பட்டவை அக்கொடுமையை அணுகவில்லை.

கொல்லப்பட்டவளை முறையீடு கேட்கும் தெய்வமாகவும், வீழ்ந்தவரை எழுப்பப்பட வேண்டியவராகவும் கருதும் வழக்காறுகள் இம்மண்ணில் உள்ளன. அவற்றிலிருந்து ஒரு திகில் படம் தோன்றுமாயின், அதில் சங்கிலி அச்சுறுத்தும். சங்கிலியில் இருப்பவர் அச்சுறுத்தமாட்டார்.