ஸ்பெக்ட்ரா எஸ்1 பிளஸ்: இழுவையை விடப் புனல் முக்கியம்

பால் பம்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இழுவை நல்லா இருக்குமா?" என்றுதான். மகப்பேற்று விடுப்பு முடிந்து, பிடோக்கிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு வேலைக்குப் போய்வரும் நான் அன்றாடம் பயன்படுத்துவது ஸ்பெக்ட்ரா எஸ்1 பிளஸ். இழுவையில் அதற்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் வலிக்குமா வலிக்காதா என்பதைத் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, மார்பில் வைக்கும் புனல்.

முதலில் கருவி. இது தென்கொரியத் தயாரிப்பு. இளநீல நிற எஸ்1-இல் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. இளஞ்சிவப்பு எஸ்2-இல் அது இல்லை. பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். சுரப்பைத் தூண்டும் 'மசாஜ்' முறை நிமிடத்துக்கு 70 சுற்று ஓடும். பால் இறங்கியதும் பொத்தானை அழுத்தினால் வேகம் 38 முதல் 54 வரை, இழுவை 12 படிகள். வீவக வீட்டின் ஒரே படுக்கையறையில் கணவரும் பிள்ளையும் தூங்கும்போது, இதிலுள்ள மங்கலான விளக்கே போதுமானதாக இருக்கிறது. சத்தமும் குறைவு.

இனி வலி. பெட்டியில் பொதுவாக வருவது 24, 28 மி.மீ. புனல்கள். பல பெண்களுக்கு இவை பெரிது. கருவட்டத்தைச் சேர்க்காமல், காம்பின் அடிப்பகுதி அகலத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். அதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். புனல் பெரிதானால் கருவட்டமும் குழாய்க்குள் இழுபட்டு வீங்கும். சிறிதானால் காம்பு சுவரில் உரசிப் புண்ணாகும். எனக்குப் பொருந்தியது, புனலுக்குள் செருகும் 19 மி.மீ. சிலிகான் இன்சர்ட்.

இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்று நம்பிக் கடைசிப் படிவரை போகிறவர்கள் உண்டு. பாலை இறக்குவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் புட்டியில் குறைவாகத்தான் சேரும். வலி தெரிகிற படிக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். நான் ஐந்தைத் தாண்டுவதில்லை. பால் ஊறட்டும் என்று தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிவந்து மாமியார் செய்து தரும் புட்டு ருசியானதுதான்; ஆனால் புனல் பொருந்தாவிட்டால் புட்டு என்ன செய்யும்?

பால் கட்டிக்கொண்டால் சுடச்சுட ஒத்தடம் கொடுத்து, அழுத்தி நீவி, பம்பு வைத்து ஒட்ட எடுத்துவிடச் சொல்வார்கள். தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டி வேறு மாதிரி சொல்கிறது: குளிர் ஒத்தடம், மென்மையான தடவல், பிள்ளைக்குத் தேவையான அளவு மட்டும் எடுப்பது. ஒட்ட ஒட்ட எடுத்தால் சுரப்பு கூடி வீக்கமும் வளரும். காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளில் தணியவில்லையென்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

குறைகள்? எடை ஒரு கிலோவுக்கு மேல். காலை நேர எம்ஆர்டி நெரிசலில் மடிக்கணினியோடு சேர்த்துச் சுமப்பது சுலபமில்லை. குழாய் மாட்டியிருக்கும்வரை எழுந்து நடக்க முடியாது. உள்ளாடைக்குள் வைக்கும் பம்புகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் காம்பு புனலின் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது கடினம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் குழாய்க்குள் நீர்த்துளி கோத்துக்கொள்வதும் உண்டு. எடுத்து முடிந்ததும் குழாயை மட்டும் மாட்டிக் கருவியைச் சற்று நேரம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். வாத்து அலகு போலிருக்கும் வெள்ளை வால்வைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அதன் பிளவு தளர்ந்தால் இழுவை குறையும். மோட்டார் போய்விட்டதோ என்று பயப்படுவதற்கு முன் வால்வை மாற்றிப் பாருங்கள். எடுத்த பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் பை வைத்த குளிர்ப்பைதான் சரி.

அலுவலகத்தில் கதவடைத்து உட்கார ஓர் அறையும், அங்கே பம்பை வைத்துவிட்டு வர ஓர் அலமாரியும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இது தோதுப்படாது. யாராக இருந்தாலும் பிரசவத்துக்கு முன்பே புனல்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். காம்பின் அளவு பிறகு மாறும். பால் சுரக்கத் தொடங்கியபின் அளந்து வாங்குங்கள்.