ஒரே நாளில் வளர்ந்தோர்: அரக்கர் படைப்பில் அகவையும் முதிர்ச்சியும்

கற்பனையிற் பிறந்த ஓர் இனத்துக்கு உருவமும் வலிமையும் வழங்குதல் புலவனுக்கு எளிது. அகவை வழங்குதலே அரிது. பத்துத் தலையும் இருபது தோளும் ஒரு விருத்தத்துள் அடங்கிவிடும். அத்தலைகள் எப்போது பால்குடி மறந்தன, எவ்வாண்டில் நன்று தீது அறிந்தன, எப்போது நரைத்தன என்னும் வினாக்கள் எழும்போதே, தான் படைத்த இனத்தைப் படைப்பாளி எவ்வாறு மதிக்கின்றான் என்பது வெளிப்படும். அரக்கரின் மாயையையும் வரத்தையும் வீழ்ச்சியையும் விரித்துரைத்த நம் திறனாய்வாளர் இவ்வினாவின்பால் அத்துணைக் கருத்துச் செலுத்தினாரல்லர். அதனை ஈண்டு எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரக்கர் வளர்ச்சிக்கெனத் தனி விதியொன்று வகுக்கப்பட்ட இடம் வால்மீகியின் பெயரால் வழங்கும் உத்தரகாண்டமாகும். வித்யுத்கேசன் என்னும் அரக்கனின் மனைவி சாலகடங்கடை தான் ஈன்ற குழந்தையை மந்தரமலைச் சாரலிற் கைவிட்டுக் கணவனிடம் மீள்கின்றாள். வான்வழிச் சென்ற சிவனும் உமையும் அக்குழந்தையின் அழுகுரலைக் கேட்கின்றனர். சிவன் அதனைத் தாயின் வயதுக்கே வளர்த்துவிடுகின்றான். உமையோ ஒருபடி மேலே சென்று, அரக்கியர் கருவுற்றவுடனே ஈன்றிடுவர், ஈன்ற மகவு உடனே தாயின் அகவையை எய்தும் என இனம் முழுமைக்கும் வரமளிக்கின்றாள். அக்குழந்தையே சுகேசன்; இராவணனின் தாய் கைகசி அவன் வழிவந்தவள். வேற்றினத்தாரின் விந்தையாக நாம் கொள்ளும் இவ்விரைவளர்ச்சி, மூலக்கதையில் ஓர் அநாதைக் குழந்தையின் அழுகைக்குக் கிடைத்த விடையாகவே அமைந்துள்ளது. பேணுவார் இல்லாத பிள்ளை பிள்ளையாயிருக்கும் காலத்தைச் சுருக்கிவிடுவதே கருணை என அக்கதை கருதுகின்றது. அது கருணைதானா என்பதில் எனக்கு ஐயமுண்டு. கைவிட்ட தாயைத் திரும்ப அழைத்துவர எந்தத் தெய்வமும் முயலவில்லை.

இவ்விதி பாரதத்தில் எவ்வாறு பயன்படுகின்றது என நோக்குவோம். ஆதிபர்வத்தில் இடிம்பிக்கும் வீமனுக்கும் இடையில் ஓர் உடன்பாடு உண்டு: மகன் பிறக்கும் வரையிலுமே வீமன் அவளோடு வாழ்வான். கடோற்கசன் கருவில் உருவான அன்றே பிறக்கின்றான், பிறந்த அன்றே இளைஞனாகின்றான், படைக்கலங்களிலும் வல்லவனாகின்றான். பெற்றோர் பாதம் பணிந்து, நினைத்தபோது வருவேன் எனச் சொல்லிச் செல்கின்றான். இடிம்பியும் உடன்பாட்டின்படி நீங்குகின்றாள். கதையமைப்பு நோக்கில் இது மிக வசதியானதோர் ஏற்பாடு. மகன் வளராதிருந்தால் அவனை எவர் வளர்ப்பது என்ற வினா எழும். எழுந்தால் வீமன் கானகத்திலே தங்க நேரும். பாஞ்சாலிக்கு மாலையிடும் சபைக்கு ஐவர் செல்ல இயலாது. இங்கே அரக்கரின் உடலியல்பு எனச் சொல்லப்படுவது தந்தையின் கடமையைக் கதையினின்றும் கழற்றிவிடும் உத்தியேயாகும். கடோற்கசனுக்குக் குழந்தைமை எஞ்சியிருப்பது பெயரில் மட்டுமே. மயிரற்ற அவன் தலை குடம் போலிருந்ததால் அப்பெயர் வந்ததென்பர். பிறந்த பிள்ளையின் மொட்டைத் தலையே ஆயுள் முழுவதும் அவன் பெயராயிற்று.

இவனோடு அபிமன்யுவை ஒப்புநோக்குதல் தகும். இருவரும் பாண்டவர் மக்கள். இருவரும் களத்தில் மாண்டோர். அபிமன்யுவுக்கோ பிறப்பதற்கு முன்னரே இளமை தொடங்கிவிடுகின்றது. சக்கரவியூகத்தைப் பிளக்கும் வழியை அவன் கருவிலிருந்தே கேட்டான் என்பது மக்கள் வழக்கு. பதினாறு வயதில் அவன் வீழ்ந்தபோது பாரதமே அழுகின்றது. எமது மட்டக்களப்புக் கூத்துக் களரிகளிலும் பதின்மூன்றாம் போர்க் கதை அழவைக்கும் கதையாகவே நிலைத்துள்ளது. வடமோடியில் அரசர்க்கு ஓர் ஆட்டம், அரக்கர்க்கு வேறோர் ஆட்டம் என வரவிலேயே வேறுபாடு காட்டுவர். களரிக்கு வரும் எப்பாத்திரமும் முழுவளர்ச்சியோடுதான் வருகின்றது. எனினும் அபிமன்யு வரும்போது சபையோர் அவனுக்குப் பின்னால் ஒரு தொட்டிலைக் காண்கின்றனர். கடோற்கசனுக்குப் பின்னால் எதையும் காண்பதில்லை. 1957இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படமும் அவனைச் சிரித்து மகிழத்தக்க பேருருவமாகவே நிறுத்திற்று. குழந்தைமை உடையவனுக்கே ஒப்பாரி உரியது போலும்! போர் நடந்த ஆண்டுகளில் எமது மாவட்டத்துப் பள்ளிச் சிறுவர் பலர் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டனர். ஒரே நாளில் வளர்ந்துவிடும்படி பணிக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆகையால் இவ்விதியை வெறும் புராணப் புனைவென்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

உமை தந்த வரம் எங்கும் ஒரே சீராகப் பேணப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அதே உத்தரகாண்டத்தில் இந்திரசித்து இடிமுழக்கமெனக் குரலெழுப்பிப் பிறந்து, பின் அந்தப்புரத்து மகளிர் பேண வளர்கின்றான். அவன் ஏன் அன்றே இளைஞனாகவில்லை? இலங்கை அரண்மனையில் அவனைப் பேணத் தாயும் தந்தையும் செவிலியரும் இருந்தனர். தாய் வேண்டாத இடத்தில் விதி நினைக்கப்படுகின்றது. மகன் வேண்டப்படும் இடத்தில் அது மறக்கப்படுகின்றது. இதனை நூலின் வழு எனத் தள்ளுவதிலும், விதி எவருக்காக வகுக்கப்பட்டது எனக் காட்டும் சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

கம்பன் இவ்விடத்தில் ஆற்றிய பணி பெரிது. மகனின் உடலைக் கண்டு புலம்பும் மண்டோதரியின் வாயில் அவன் வைத்தது போர்ப்புகழ் மட்டுமன்று; தவழ்ந்த பருவத்து நினைவுகளையும் வைத்தான். சதங்கைக் காலோடு தவழ்ந்த இந்திரசித்து சிங்கங்களைப் பிடித்துவந்து முற்றத்திற் பொருத விட்டான். அழைத்தவுடன் இறங்கிவந்த திங்களைக் கையாற் பற்றினான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அம்புலி ஏழாவது. அங்கே நிலவை விளையாட வருமாறு இறைஞ்சுவர். இங்கே அரக்கக் குழந்தை அதனைப் பிடித்தே விடுகின்றது. வலிமை அரக்கனுடையது, பருவம் தமிழ்க் குழந்தையுடையது. பிள்ளைப் பருவத்தினூடு வாராத எவரையும் தன்னவராக ஏற்கத் தமிழ் மரபு தயங்குகின்றது என்றே எண்ணத் தோன்றுகின்றது. கடவுளரையும் அது தொட்டிலிலிட்டுத் தாலாட்டிற்று. எமது செட்டிபாளையத்திலும் அயலூர்களிலும் கண்ணகையம்மன் சடங்கோடு இணைந்து நிற்கும் கண்ணகி வழக்குரையில், மாங்கனியிற் பிறந்த அம்மன் பேழையில் மிதந்து வந்து வளர்ப்போர் கைசேர்ந்த பின்னரே மதுரைக்கு வழக்குரைக்கச் செல்கின்றாள். பாண்டியனை அழிக்க வந்த தெய்வம் வளர்ந்த உருவோடே தோன்றியிருக்கலாமே! அவ்வாறு தோன்றாமையே அவளை ஊராரின் மகளாக்கிற்று.

மேலைநாட்டார் இதே சிக்கலை வேறுவழியில் அணுகினர். ரொல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையில் வரும் குற்றுருவினரான ஹொபிற்றுகள் 33 வயதிலேயே பராயம் அடைவர். அவர் இறந்தபின் வெளியான குறிப்புகளின்படி எல்வுகள் எனும் மூவா இனத்தார் முழுவளர்ச்சி எய்த 50 முதல் 100 ஆண்டுகள் வரை செல்லும். நீண்ட வாழ்நாள் உடையோர்க்கு நீண்ட இளமை என்பது அவர் கணக்கு. அறிவுக்கு ஒத்த கணக்குத்தான். ஆயினும் குடிமதிப்பு ஏட்டின் வறட்சி அதிற் சிறிது உண்டு. 1726இல் வெளிவந்த கலிவரின் பயணநூலில் ஜொனதன் சுவிப்ற் படைத்த சாவாதவர்கள் எனக்கு அதிலும் மேலாகப் படுகின்றனர். அவர்கள் சாகமாட்டார்கள், ஆனால் மூப்பர். எண்பதாம் வயதில் சட்டம் அவர்களை இறந்தோராகக் கொள்ளும். ஆண்டுகள் கூடினும் அறிவு கூடுவதில்லை என்பதனை இவ்வளவு கொடுமையாக வேறெவரும் சொல்லவில்லை.

நம் நூல்களிலும் அவ்வுண்மை உண்டு. முக்கோடி வாழ்நாள் பெற்ற இராவணனுக்குக் காலம் எதையும் கற்பிக்கவில்லை. சீதைமேல் வைத்த ஆசையை விடுமாறு இறுதியில் அவனுக்கு எடுத்துரைப்பவன் மகன் இந்திரசித்தே. சொல்லிப் பயனின்மை கண்டு மீண்டும் களம் புகுந்து மடிகின்றான். கந்தபுராணத்தில் 108 யுகம் ஆண்ட சூரபன்மனுக்கும் இதே நிலை. அவன் மகன் இரணியன் தந்தைக்கு அறிவுரை கூறிப் பார்த்து, பின் ஈமக்கடன் செய்ய ஒருவனேனும் எஞ்சவேண்டுமென மீனுருக் கொண்டு கடலில் ஒளிக்கின்றான். அதனைக் கோழைமை என்பாருமுளர். குலமே அழியப்போகும் வேளையில் எள்ளும் நீரும் இறைக்க ஒரு கை வேண்டுமென எண்ணியவனை அச்சூர்க்குலத்தில் முதிர்ந்தவன் என்றே நான் கொள்வேன். முதிர்ச்சி வரத்தால் வருவதன்று, வாழ்நாளாலும் வருவதன்று எனும் கருத்து இவ்விரு மைந்தரிடத்தும் தெளிவாகின்றது. இருவர்க்கும் அது பெற்றோர் பொருட்டு நேர்ந்த துயரிலேதான் வாய்க்கின்றது.

கடோற்கசனுக்கு அவ்வாய்ப்புத் தரப்படவில்லை. அழைத்தபோது வந்தான், சுமக்கச் சொன்னபோது சுமந்தான், பதினாலாம் நாள் இரவில் போரிடச் சொன்னபோது போரிட்டான். அருச்சுனனுக்கெனக் கன்னன் காத்துவைத்த சக்திவேல் இவன்மேல் ஏவப்படுகின்றது. பாண்டவர் கலங்க, கண்ணன் மகிழ்ந்து ஆடுகின்றான். இவன் வேள்விக்குப் பகைவன், இன்று வீழாவிடின் தானே ஒருநாள் கொல்ல நேர்ந்திருக்கும் என்றும் உரைக்கின்றான். வீழும்போது கடோற்கசன் தன் உடலை மலையளவாக வளர்த்து, கௌரவர் சேனையில் ஓர் அக்குரோணியை நசுக்கிக்கொண்டு சாய்கின்றான். பிறந்த அன்று வளர்ந்தவன் இறந்த அன்றும் வளர்ந்தான். போர் முடிந்தபின் களத்துக்கு வந்து மகளிர் அழும் ஸ்திரீபர்வத்தில் காந்தாரியின் குரல் கேட்கின்றது, உத்தரையின் துயர் சொல்லப்படுகின்றது. இடிம்பி அங்கு வரவில்லை.