நாவலிலிருந்து திரைக்கு: குலமும் கூலியும்

நாவலைப் படமாக்குகிறவர்கள் கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று குறை கூறுவது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ஒரு பாத்திரம் விடுபட்டதையும், முடிவு மாறியதையும், தேவையற்ற பாட்டுக்கள் புகுந்ததையும் கணக்கெடுத்து வருந்தும் நாம், மூலநூலில் திண்ணையில் அமர்ந்தவர் யார், முற்றத்தில் கைகட்டி நின்றவர் யார், வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் யார் என்ற அந்த ஒழுங்கு திரையிலும் அவ்வாறே நிலைத்ததா என்று அபூர்வமாகவே கேட்கிறோம். ஒரு திரைவடிவம் மூலத்துக்கு விசுவாசமாக இருந்ததா என்பதை அறிய, என் அபிப்பிராயத்தில், இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை. தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே இரானி தேநீர்க் கடையில் காதில் விழுகின்ற மாதாப்பூரில் இருந்துகொண்டு, சென்னையில் வளர்ந்து பின்னர் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தெலுங்குத் திரையுலகின் அண்டை வீட்டாராக வாழும் தமிழர்கள் வெளியிடும் இம்மலரில், அவ்வளவுகோலைக் கொண்டு இரு மொழிகளின் படங்களையும் ஒருசேர நோக்குவது பொருத்தமாகும்.

முதலில் அமெரிக்காவைச் சற்றுப் பார்த்துவிடுவோம். அங்கே நிறம் செய்ததை இங்கே ஜாதி செய்திருக்கிறது. மார்கரெட் மிச்செல் 1936-இல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவலில் கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம் தன் பெயருடனேயே உலவுகிறது. 1939-இல் வந்த படத்திலோ அப்பெயர் நீக்கப்பட்டு, அவர்களது இரவு வேட்டை ஓர் அரசியல் கூட்டமாக மாற்றப்பட்டது. அப்படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டானியல், ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற கீர்த்தியை அடைந்த இரவிலும் தம் சக நடிகர்களோடு அமர இயலாமல் தனி மேஜையிலேயே அமர வேண்டியிருந்தது. ஸ்டைன்பெக்கின் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நூலை ஜான் ஃபோர்டு 1940-இல் படமாக்கியபோது, பசியால் சாகக் கிடக்கும் அந்நியன் ஒருவனுக்கு, குழந்தையை இழந்த இளம் தாய் முலைப்பால் கொடுக்கும் இறுதிக் காட்சி கைவிடப்பட்டு, நம்பிக்கையூட்டும் பேச்சொன்று முடிவாக வைக்கப்பட்டது. வறுமையைக் காட்டத் துணிந்தவர்களுக்கு அவ்வறுமையின் எல்லைவரை செல்லத் துணிவு வரவில்லை.

நம் நாட்டில் இக்கதை 'தேவதாஸ்' படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. வேதாந்தம் ராகவய்யா இயக்கத்தில் 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்து, நாகேஸ்வர ராவையும் சாவித்திரியையும் இரு மாகாணத்து மக்களின் நெஞ்சிலும் அமர்த்திய அப்படத்தை, ஜமீன்தார் மகன் ஏழை வீட்டுப் பெண்ணைக் காதலித்த கதை என்றே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரத் சந்திரரின் நாவலில் தடை அவ்வளவு எளியதன்று. இரு குடும்பத்தாரும் பிராமணரே. ஆயினும் பார்வதியின் வீட்டார் பெண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மணம் முடிக்கும் வழக்கமுடையவர்கள், ஆதலால் ஒரு படி தாழ்ந்தவர்கள், போதாததற்கு அடுத்த வீட்டார் என்பதே முகர்ஜி குடும்பத்தின் ஆட்சேபம். ஒரு ஜாதிக்குள்ளேயே உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வை வங்காள வாசகர் நொடியில் உணர்ந்திருப்பார். தென்னாட்டுத் திரைக்கு அது பணக்காரன், ஏழை என்ற யாவருக்கும் புரியும் பேதமாகச் சுருங்கியது. குலத்தை வர்க்கமாக மொழிபெயர்த்துவிடும் இந்தச் சம்பிரதாயத்தை முதல் மரபு எனலாம்.

இரண்டாவது மரபு சீர்திருத்த மரபு. கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்துகொண்டிருக்கும்போதே கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் படமாகி, 1939-இல் வெளிவந்து, பின்னர் ஆங்கில அரசாங்கத்தின் தடைக்கும் ஆளாயிற்று. ஹரிஜனங்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தமைக்காக அக்கிரகாரத்தாரால் ஒதுக்கப்படும் சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் நடித்த அப்படத்தின் தூய நோக்கத்தை நான் வணங்குகிறேன். அதற்கு ஓராண்டு முன்னர், உன்னவ லக்ஷ்மீநாராயணாவின் 'மாலபல்லி' நாவல் 1922-இல் திறந்துவிட்ட பாதையிலேயே, கூடவல்லி ராமபிரம்மத்தின் 'மாலபில்லா' தெலுங்கில் ஒரு பிராமண இளைஞனையும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணையும் காதலராக்கிக் காட்டியது. இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. புண்பட்டவரின் வேதனையைவிட, புண்ணுக்கு மருந்திட முன்வந்த பெரியவரின் தியாகமே படத்தின் மையமாகிறது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பர்ட்' 1962-இல் படமானபோதும் நேர்ந்தது இதுவே: வழக்கறிஞராக நடித்த கிரிகரி பெக்கின் கம்பீரத்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது, பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுக் கூண்டில் நின்ற கறுப்பு மனிதராக நடித்த பிராக் பீட்டர்ஸின் பெயரைக் கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறாக, உயர்குலத்தாரின் வீட்டுக்குள்ளேயே விளக்கை ஏந்திச் சென்ற படம் 'சம்ஸ்காரா'. அனந்தமூர்த்தியின் நாவலை 1970-இல் கன்னடத்தில் படமாக்கியவர் நெல்லூரைச் சேர்ந்த தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி என்பதைத் தெலுங்கு நாட்டில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆசாரம் கெட்ட ஒருவனின் பிணத்துக்கு யார் கொள்ளி வைப்பது என்ற ஒரே கேள்வியில் ஓர் அக்கிரகாரம் முழுவதும் அழுகிப்போவதைக் காட்டிய அப்படத்தைச் சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்தது. தடை நீங்கிய பின்னர் தேசத்தின் சிறந்த படத்துக்குரிய விருது அதற்கே கிடைத்தது.

தெலங்காணா மண்ணில் எடுக்கப்பட்ட இரு படங்களை நான் பலகாலமாக ஒன்றாகவே எண்ணிப் பார்ப்பதுண்டு. 1977-இல் மிருணாள் சென் தந்த 'ஒக ஊரி கதா' பிரேம்சந்தின் 'கஃபன்' என்ற சிறுகதையிலிருந்து பிறந்தது. கௌதம் கோஷின் 'மா பூமி' கிருஷண் சந்தரின் உருது நாவலிலிருந்து பிறந்தது. இரண்டின் இயக்குநர்களும் வங்காளிகள். மூலங்கள் இரண்டும் முதலில் உருதுவில் எழுதப்பட்டவை. திரையில் ஒலிப்பதோ தெலுங்கு. பிரேம்சந்தின் கதையில் குடிசைக்குள் மருமகள் பிரசவ வேதனையில் அலறிக்கொண்டிருக்க, வெளியே தணலில் வெந்த உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்னும் தகப்பனும் மகனும், தாம் உள்ளே போனால் மற்றவன் மிச்சத்தையும் தின்றுவிடுவானே என்ற அச்சத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சமார் குலத்தவர் என்பதைக் கதை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. சென்னின் படத்தில் தகப்பன் வெங்கய்யா ஒரு தத்துவவாதியாக வளர்கிறான்: உழைத்தால் கொழுப்பவன் நிலக்கிழான், ஆதலால் உழையாமையே ஏழையின் எதிர்ப்பு என்பது அவன் சித்தாந்தம். வாசுதேவ ராவின் நடிப்பில் அச்சித்தாந்தம் நம்மை நடுங்க வைக்கிறது. ஆயினும் குலத்தின் பெயர் பின்னுக்குப் போய், வர்க்கத்தின் குரலே ஓங்குகிறது என்பதை மறுக்க இயலாது. மார்க்சியம் கற்ற கலைஞர்களுக்குக் கூலியைக் காண்பது எளிது, குலத்தைக் காண்பது அரிது. 'மா பூமி' இக்குறையை ஓரளவு வென்றது என்றே சொல்வேன். பி. நரசிங்க ராவ் போன்ற இம்மண்ணின் மைந்தர்கள் தயாரிப்பில் முன்னின்றதும், பாடகர் கத்தர் தம் தோளில் கம்பளியோடு திரையில் தோன்றி நிஜாம் ஆட்சியை எதிர்த்துப் பாடியதும் அதற்குக் காரணங்கள். ஏட்டில் எழுதியவர் அறியாத ஒரு குரலை அந்தப் பாட்டு படத்துக்குள் கொண்டுவந்தது.

வேடமேற்ற நடிகர்களின் முகங்களைப் பற்றியும் கூற வேண்டும். ஃபேனி ஹர்ஸ்டின் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' நாவலில் வெள்ளைக்காரியாக வேஷமிட்டு வாழ முயலும் கறுப்பினப் பெண்ணை, 1934-ஆம் ஆண்டுப் படத்தில் ஃபிரெடி வாஷிங்டன் என்ற கறுப்பின நடிகையே ஏற்றார். கால் நூற்றாண்டு கழித்து 1959-இல் மீண்டும் எடுத்தபோது அவ்வேடம் சூசன் கோனர் என்ற வெள்ளை நடிகைக்குச் சென்றது. இங்கேயும் வெளுத்த மேனியருக்குக் கருமை பூசித் தாழ்த்தப்பட்டவராக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி'யிலும் இதைக் கண்டோம். தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்த 'ரெட் டீ' நாவலே அதன் மூலம். கங்காணியின் ஆசைவார்த்தை, முன்பணக் கடன், வெள்ளைத் துரையின் பிரம்பு, கொள்ளைநோய் ஆகிய நான்கும் கூடித் திருநெல்வேலிச் சீமையின் எளிய மக்களை மலையில் புதைத்த வரலாற்றை அந்நூல் கண்ணீரோடு பதிவுசெய்கிறது. படம் அக்கொடுமையைக் காட்டுவதில் சளைக்கவில்லை. கண்கள் கூசும்படி காட்டுகிறது. ஆனால் புறப்பட்ட ஊரிலேயே அம்மக்களை ஒடுக்கிய ஜாதிப் பிணைப்பு மங்கிப்போய்விட்டது. அதனினும் வருந்தத் தக்கது, நாவலில் மனச்சாட்சியாகவே நிற்கும் மருத்துவர், படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றும் கேலிப் பாத்திரமாக இறங்கியது. அந்நூலை எழுதியவர் ஒரு மருத்துவர் என்பதை நினைத்தால் இது பெரும் அநீதி.

மூலத்தில் அடங்கியிருந்ததைத் திரை உரக்கச் சொன்ன அபூர்வ உதாரணம் 'அசுரன்'. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். கொலைசெய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரம், அவனோடு காடுமேடெல்லாம் அலையும் தகப்பன் என்று சிறிய வட்டத்துக்குள் நின்று, ஜாதியின் பெயரை வாயால் உச்சரிக்காமலேயே அதன் வெப்பத்தை வாசகன்மேல் படரவிடுவது. வெற்றிமாறன் 2019-இல் அதைப் படமாக்கியபோது தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைக் கொண்டுவந்தார். செருப்பணிந்ததற்காக ஒரு பெண் அதைத் தலையில் சுமந்து நடக்கும்படி செய்யப்பட்டதைக் காட்டினார். மகனைக் காப்பாற்றும்பொருட்டுத் தகப்பன் சிவசாமி, ஆதிக்கக் குலத்தவரான வடக்கூராரில் ஒவ்வொருவரின் காலிலும் வீடுவீடாகச் சென்று விழுவதைக் காட்டினார். நாவலில் சிறுவனுக்கு உரியதாக இருந்த கதை தகப்பனுடையதாக மாறியதில் இழப்பு உண்டு. பூமணியின் மௌனத்தில் இருந்த வலிமை, வசனமாகும்போது குறைந்தும் போயிற்று. எனினும் சிவசாமியாக நடித்த தனுஷ் ஒவ்வொரு வாசலிலும் குனியும் அக்காட்சி ஓடும்போது, நாவலைப் படித்தவரும் படியாதவரும் ஒன்றுபோல் தலைகுனிந்ததை நான் அரங்கில் கண்டேன். இரு ஆண்டுகளில் அதே கதை 'நாரப்பா' என்ற பெயரில் அனந்தபுரத்து மண்ணுக்கு மாறி, வெங்கடேஷின் நடிப்பில் தெலுங்கில் வந்தது. தெலுங்கின் முதல் வரிசைக் கதாநாயகர் ஒருவர் அத்தகைய பாத்திரத்தில் காலில் விழ இசைந்ததே பாராட்டுக்குரியது.

ஆசிரியரே தம் படைப்பைத் திரைக்குக் கொண்டுசென்ற மரபும் உண்டு. ரிச்சர்டு ரைட் தம் 'நேடிவ் சன்' நாவல் 1951-இல் அர்ஜென்டினாவில் படமானபோது, கொலைகார இளைஞன் பிக்கர் தாமஸாகத் தாமே நடித்தார். ஜெயகாந்தன் சேரிவாழ் மக்களைப் பற்றிய தம் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே இயக்கி 1965-இல் வெளியிட்டார். பூமணியும் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 'கருவேலம் பூக்கள்' என்ற படத்தை எடுத்தார். இவை எதுவும் பணம் ஈட்டவில்லை. ஆயினும் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களை விட்டு விலகாத நேர்மை இவற்றில் உண்டு.

தெலுங்கு நாட்டுத் தமிழரை மிக அருகில் தொடும் படம் 'விசாரணை'. கோவையைச் சேர்ந்த மு. சந்திரகுமார், பிழைப்புத் தேடிக் குண்டூர் வந்த இளமைக் காலத்தில் காவல் நிலையத்தில் தாம் பட்ட அடிகளை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். வெற்றிமாறன் 2015-இல் எடுத்த படத்தில், பூங்காவில் உறங்கி எழும் தமிழ்க் கூலிகள், மொழி தெரியாமையாலும் கேட்பார் இல்லாமையாலும் தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அடிக்கப்படுகிறார்கள். அவ்வளவோடு நின்றிருந்தால் தெலுங்கர் தமிழரை வதைத்த கதையாக அது குறுகியிருக்கும். மூலநூலில் இல்லாத பிற்பகுதியில், அதே கூலிகள் தமிழ்நாட்டுக்குத் திரும்பியபின் தம் மொழி பேசும் காவலராலேயே கொல்லப்படுகிறார்கள். மொழி பிரிக்காதவரையும் வர்க்கம் பிரிக்கிறது என்று அப்பிற்பகுதி காட்டுகிறது. மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் எழுந்த நாள்முதல் இங்கே கண்ணாடி மாளிகைகளைக் கட்டிவரும் பாலமூர்க் கூலிகளையும், ஒடிசாவிலிருந்து வந்தோரையும் பற்றி ஒரு தெலுங்கு நாவலோ தமிழ் நாவலோ படமாகும் நாளில், அது அந்தக் கட்டடங்களின் குளிரறையிலிருந்து பார்க்கப்பட்டதா, அவற்றின் சாரத்தின் மீதிருந்து பார்க்கப்பட்டதா என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.